நாலாம் நம்பர் மெஷின் அழகாக ஓடுகிறது

“முந்தாநாள் நாலாம் நம்பர் மெஷின் அழகாக ஓடியது. நேற்று வெறுமனே ஓடியது. ஏன்?”

நகானோ சார் இப்படிக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ரிப்போர்ட்டைத் தாழ்த்தி, அதை எழுதிய லைன் லீடர் முப்பிடாதியைப் பார்த்தார். பிற்பகலில் பி ஷிஃப்ட் தொடங்குமுன் நின்றபடியே நடக்கிற கூட்டம் அது. நின்றவர்கள் எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். அவன் நாலாம் நம்பர் மெஷினைப் பார்த்தான். அது தன்பாட்டுக்குக் கார் கதவுகளுக்கான ரப்பர் பட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நகானோ சார் ஜப்பான்காரர். கம்பெனிக்கே தலைவர். பேசுவது இங்கிலீஷ்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் ஸ்க்ரூவைப் பெட்டியிலிருந்து பொறுக்குவது மாதிரி பொறுக்கித்தான் பேசுவார்.

“சேம் ரன்னிங் சார்,” என்றான் முப்பிடாதி.

“ஒரே மாதிரிதானா? அப்புறம் வார்த்தை ஏன் மாறியது?”

அந்தக் கம்பெனியில் எது நடந்தாலும் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்பது வழக்கம். டப்பாவிலிருந்து ஒரு நட்டு விழுந்தாலும் ஐந்து ஏன். ஐந்தாவது ஏனுக்குப் பதில் கிடைத்தால் வியாதியின் வேர் கிடைத்துவிடுமாம். சுவரில் பெரிதாக எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். முப்பிடாதிக்கு இரண்டாவது ஏனிலேயே நாக்கு வறண்டுவிட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவசரத்தில் ‘பியூட்டிஃபுல்லி’ விட்டுப்போனது. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, “லைட்டா ஒரு சத்தம் சார்,” என்று ஒரு புளுகை எடுத்துவிட்டான்.

சத்தம் என்றால் ஜப்பான்காரர் விடுவாரா? உடனே மெஷினை நிறுத்தச் சொன்னார். மெயின்டெனன்ஸ் ஸ்டீவ் ஸ்பேனரோடு வந்து சேர்ந்தான்.

“இன்னா தல, மிஷினுக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலடே.”

“அப்ப எதுக்கு பிரிக்க சொல்றாரு?”

“நேத்து ரிப்போர்ட்ல ஒரு வார்த்த விட்டுப்போச்சு.”

ஸ்டீவ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “வார்த்த வுட்டுப்போனா வார்த்தைய எடுத்து மாட்டு. நான் ஏன்யா நட்ட கழட்டணும்?”

கழற்றினான். உள்ளே ஒரு குறையும் இல்லை. மறுபடி மாட்டினான். அன்றைக்கு டார்கெட் வரவில்லை. ‘அழகாக ஓடிய’ மெஷினைப் பிரித்துப் போட்ட புண்ணியவான் யார் என்று லைன் முழுக்க விசாரித்தார்கள்.

முப்பிடாதிக்கு இந்த அட்ஜெக்டிவ், அட்வெர்ப் எல்லாம் ஆசைப்பட்டு வந்ததில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு பஸ் ஏறி வந்தவன். ‘மெஷின் ரன்னிங். ரப்பர் கம்மிங். நோ ப்ராப்ளம்’ என்று மூன்றே வரியில் காலத்தை ஓட்டியவன். அவனை இந்த வழிக்கு இழுத்துவந்தது ஒரு காலியிடம்.

ஜெனரல் ஷிஃப்டில் இன்சார்ஜ் வேலை. காலையில் போனால் சாயங்காலம் வீடு. அது கிடைக்காவிட்டால் அவன் ஆயுளுக்கும் பி ஷிஃப்ட்தான். அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆகியிருந்தால் கேட்கமாட்டீர்கள்.

அவன் மனைவி கனகத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை. அவளுக்கு எப்போதும் காலை ஷிஃப்ட். விடியுமுன் படப்பை வீட்டைவிட்டுக் கிளம்பினால் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்புவாள். அதற்குள் இவன் பஸ் ஒரகடம் போய்ச் சேர்ந்திருக்கும். இவன் வேலை முடிந்து வீடு வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் எழுந்து கிளம்பும்போது இவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். வாரலீவாவது ஒத்துப்போகுமா என்றால், இவனுக்கு ஞாயிறு, அவளுக்குப் புதன், அதையும் ஓவர்டைம் தின்றுவிடும். ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு போனில் வாய்ஸ் மெசேஜ் போட்டுக் குடும்பம் நடத்தினார்கள். பாவமாகத்தான் இருக்கிறது.

ஹெச்.ஆர். ஷாலின் மேடம்தான் வழி காட்டினார். “போஸ்ட்டுக்கு நாலு பேர் இருக்கீங்க. வேலையில எல்லாரும் ஒண்ணுதான். இந்த மாசம் யார் ரிப்போர்ட் சாருக்குப் பிடிக்குதோ அவங்களுக்குத்தான்,” என்று சொல்லி, கேன்டீன் ஹாலில் ஒருநாள் இங்கிலீஷ் பயிற்சியும் வைத்தார். வந்தவர் டை கட்டியிருந்தார். “வெறும் ‘மெஷின் ரன்னிங்’னா யாருக்குப் புரியும்? எப்படி ஓடுது? எப்பேர்ப்பட்ட மெஷின்? அட்ஜெக்டிவ் போடுங்க, அட்வெர்ப் போடுங்க, தாராளமா போடுங்க!” என்று கையை விரித்து வாரி இறைத்துக் காட்டினார்.

மற்ற மூன்று பேரும் அன்றைக்கு வந்த சமோசாவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். முப்பிடாதி ‘தாராளமா’ என்பதைப் பிடித்துக்கொண்டான். மறுநாளே நாலாம் நம்பர் மெஷின் அழகாக ஓடத் தொடங்கியது. நகானோ சாரும் அதைப் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலைக் கனகத்திடம் ஐந்து நிமிஷ வாய்ஸ் மெசேஜாக வர்ணித்தான்.

அப்படி ஆரம்பித்ததுதான் இப்போது மெஷினைப் பிரிக்கிற வரைக்கும் வந்து நிற்கிறது.

டீ இடைவேளையில் கனகத்தின் குரல் வந்திருந்தது. “ஏங்க, ஒரு வார்த்த விட்டதுக்கா இந்தப் பாடு? இனிமே எல்லா மெஷினுக்கும் ஒரு வார்த்த போட்டிருங்க. ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம இருந்தாதான கேக்காரு?”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கு ரிப்போர்ட்டில் முப்பிடாதி ஒரு மெஷினையும் விட்டுவைக்கவில்லை. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் சோம்பேறி என்று நினைப்பாரே என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டான். ஒன்றாம் நம்பர் ஒண்டர்ஃபுல்லி. இரண்டு ஸ்மூத்லி. மூன்று நைஸ்லி. நாலு பழையபடி பியூட்டிஃபுல்லி.

மறுநாள் கூட்டத்தில் நகானோ சார் விரல் விட்டு எண்ணினார். “ஒண்டர்ஃபுல்லி, ஸ்மூத்லி, நைஸ்லி, பியூட்டிஃபுல்லி. இதில் எது பெரியது?”

“சார்?”

“எது உயர்ந்தது?”

முப்பிடாதி வாய்க்கு வந்ததைச் சொன்னான். “ஒண்டர்ஃபுல்லி சார். அதுதான் டாப்.”

“கடைசி?”

யோசித்துப் பார்த்துவிட்டு, “ஸ்மூத்லி சார்,” என்றான்.

நகானோ சார் ‘ஒண்டர்ஃபுல்லி, ஒண்டர்ஃபுல்லி’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவர் போனதும் இரண்டாம் நம்பர் மெஷினிலிருந்து அன்னபுஷ்பம் அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். கம்பெனி சுவர் எழும்புவதற்கு முன்பே அந்த நிலத்தை அறிந்தவர். அவரிடம் எந்த லீடரின் அதிகாரமும் செல்லாது.

“ஏன் தம்பி, என் மிஷினுதான் கடசியாமே?”

“கடைசின்னு எழுதலக்கா. ஸ்மூத்தா ஓடுதுன்னு எழுதுனேன்.”

“அவரு ரேங்கு கேட்டாரு, நீ என்னிய கடசில வெச்ச. எங்காதால கேட்டேன். ஆறு வருசமா தொடச்சி தொடச்சி ஓட்டிக்கினு கீறேன், அந்த ஒண்ணாம் நம்பரு ஒண்டர்ஃபுல்லு, என்து வெறும் ஸ்மூத்தா? இன்னா நியாயம் இது?”

“நாளைக்கு சரி பண்ணிருதேன்க்கா.”

“மிஷின வுடு. ஆளப் பத்தி எழுது. இங்க வேல செய்றது மிஷினா, நானா?”

நியாயமான கேள்வி. அதனால் முப்பிடாதி அன்றைக்கு மனதாரப் புகழ்ந்தான்: ‘ஆபரேட்டர் அன்னபுஷ்பம் இஸ் வொர்க்கிங் வெரி வெரி க்விக்லி.’ ஒரு வெரி போதாதா என்று அவனுக்கே தோன்றியது. அக்காவின் கோபத்துக்கு இரண்டாவது வெரி தேவைப்பட்டது.

நகானோ சார் அந்த வரியில் நின்றுவிட்டார். “இரண்டு வெரி. அப்படியென்றால் எவ்வளவு? எனக்குக் காட்டு.”

ஸ்டாப்வாட்சோடு வந்து அன்னபுஷ்பத்தின் பின்னால் நின்றார். அக்காவுக்கு வந்த ரோஷத்தைச் சொல்ல வேண்டுமா? பட்டையை எடுப்பதும் வெட்டுவதும் அடுக்குவதுமாகக் கை தெரியவில்லை. நகானோ சார், “ஓ! வெரி, வெரி!” என்று சிறுபிள்ளை மாதிரி கைதட்டினார். லைனே கைதட்டியது. அக்கா புடவைத் தலைப்பு இல்லாத யூனிஃபார்மில் இல்லாத தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

அந்த ஸ்டாப்வாட்ச் கணக்கு எப்படியோ பிளானிங் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் முதல் எல்லா மெஷினுக்கும் அதுதான் டார்கெட் என்று போர்டில் எழுதிவிட்டார்கள்.

அன்று டீ இடைவேளையில் முப்பிடாதி பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. அன்னபுஷ்பம் மட்டும் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“கய்தே, ஒன்ன யாரு ரெண்டு வெரி போட சொன்னது?”

“நீங்கதானக்கா ஆளப் பத்தி எழுதச் சொன்னிய.”

“அளவா எழுதணும்னு தெரியாது? ஒரு வெரி போட்டிருந்தா பொழச்சிக்கினு இருப்பேன். எறக்கு. எப்டியாவது எறக்கு.”

ஸ்டீவும் சேர்ந்துகொண்டான். “தல, இவ்ளோ வேகமா ஓட்னா மிஷின் நெஜமாவே புட்டுக்கும். அப்ப அழகா ஓடுதுன்னு நீ எழுதுனத என் நெத்தில ஒட்டி அனுப்பிடுவாங்க.”

இறக்க வேண்டியதுதான். ஆனால் திடீரென்று மெதுவாக வேலை செய்கிறார் என்று எழுதினால் அக்காவுக்கு மெமோ வருமே? கூடவே நல்லதாக ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். ‘ஆபரேட்டர் அன்னபுஷ்பம் இஸ் வொர்க்கிங் ஸ்லோலி பட் ஹாப்பிலி.’ மெதுவாக, ஆனால் சந்தோஷமாக. எழுதி முடித்ததும் அவனுக்கே ஒரு திருப்தி வந்தது. இதைவிடப் பக்குவமாக யாரால் எழுத முடியும்?

மறுநாள் அதை நகானோ சார் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். “மெதுவாக. ஆனால் சந்தோஷமாக. இது எப்படி? எனக்கு விளக்கு.”

முப்பிடாதி விளக்குமுன் பின்னால் நின்ற செக்யூரிட்டி ஆபீசருக்கு விளங்கிவிட்டது. நேற்றுவரை மின்னல் வேகம், இன்றைக்கு மெதுவாக, அதிலும் சந்தோஷமாக. அவர் இருபது வருஷ அனுபவத்தில் இப்படி இருக்கிறவர்களை டாஸ்மாக் வாசலில்தான் பார்த்திருக்கிறார். சத்தமில்லாமல் கேட்டுக்குப் போய், குடித்தவர்களைக் கண்டுபிடிக்க ஊதச் சொல்கிற கருவியை எடுத்துக்கொண்டு வந்து அன்னபுஷ்பத்தின் வாய்க்கு நேரே நீட்டினார்.

“ஊதும்மா.”

“இன்னாது?”

“சும்மா ஒரு டெஸ்ட்டு. ஊது.”

அன்னபுஷ்பம் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு முன்வரிசையில் நின்று பாட்டு எடுத்துக்கொடுக்கிறவர். அக்கா ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை எந்தக் கருவியாலும் அளந்திருக்க முடியாது. செக்யூரிட்டி ஆபீசர் கேட்டுக்கே திரும்ப ஓடிவிட்டார்.

“மாதா கோயில்ல பாட்டு பாட்ற வாய்ய்யா இது! இத ஊத வெச்சிட்டியே, நீ நல்லாருப்பியா?” என்று முப்பிடாதியைப் பார்த்துக் கேட்டபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும் கலங்கியது. யாரையும் நோகடிக்க அவன் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. புகழ்ந்தே ஊரை விரோதித்துக்கொண்டவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

ஷாலின் மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முப்பிடாதி, உங்க பேர்தான் லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு. நாளைக்கு சார் முடிவு சொல்லப்போறாரு. இப்ப போய் மெஷின் நிக்குது, டார்கெட் சண்டை, இன்னிக்கு இது. மத்த மூணு பேர் ரிப்போர்ட்ட சார் திருப்பிக்கூட பாக்கல. உங்களோடதுல மட்டும் வரிக்கு வரி கேள்வி கேக்குறாரு. எனக்கே பயமா இருக்கு.”

அவன் கேன்டீன் பின்னால் போய் நின்று கனகத்துக்குப் பேசி அனுப்பினான். “அவ்வளவுதான் கனகு. வேல போயிரும் போலிருக்கு. போகாட்டாலும் காலத்துக்கும் பி ஷிஃப்ட்தான். நீ என்னைய தூங்குறப்பதான் பாக்கணும்.”

பதில் உடனே வந்தது. “தூங்குறப்பவும் நல்லாத்தான் இருக்கிய. கவலப்படாதிய. இனி ஒரு அலங்காரமும் வேண்டாம். உள்ளத மட்டும் எழுதிட்டு வாங்க. வாரது வரட்டும்.”

அன்று அவன் எழுதிய ரிப்போர்ட் மூன்று வரி. மெஷின் ரன்னிங். ஆபரேட்டர் வொர்க்கிங். ரப்பர் கம்மிங். எழுதி அனுப்பிவிட்டு பஸ் ஏறினான். மனசு கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

மறுநாள் நகானோ சார் கூட்டத்துக்கே வரவில்லை. முப்பிடாதியை மட்டும் அறைக்கு வரச் சொல்லியிருந்தார். லைனில் எல்லாரும் அவனைப் பார்த்த பார்வையில் பழைய கோபம் போய்விட்டது. அன்னபுஷ்பம் அக்காகூட, “தம்பி, நான் சொன்னத மனசுல வெச்சிக்காத. போய்ட்டு வா, மாதா பாத்துக்குவா,” என்றார். அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

அறையில் நகானோ சாரின் முகம் வாடியிருந்தது. மேஜைமேல் அந்த மூன்று வரி.

“வார்த்தைகள் இல்லை. ஏன்?”

“அதுனாலதான் சார் எல்லாத் தொல்லையும். மெஷின பிரிச்சாச்சு. டார்கெட் ஏறிப்போச்சு. பாவம், அந்த அக்காவ ஊத வச்சாச்சு.” தமிழும் இங்கிலீஷுமாகக் கொட்டினான்.

“அப்படியானால் முதலில் ஏன் எழுதினாய்?”

“ஜெனரல் ஷிஃப்ட் வேணும் சார்.”

“ஜெனரல் ஷிஃப்ட் ஏன்?”

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? “ஒய்ஃபை பாக்கணும் சார்.”

“ஒரே வீடு. பார்க்கவில்லை. ஏன்?”

“ஐ கோ, ஷி கம். ஐ கம், ஷி ஸ்லீப். ஷி கோ, ஐ ஸ்லீப். எய்ட் மந்த்ஸ் சார்.”

நகானோ சார் ஐந்தாவது ஏனுக்கு வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். நாலாவது ஏனோடு அவர் நிறுத்தியது அந்தக் கம்பெனிச் சரித்திரத்தில் அதுதான் முதல்தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“திங்கட்கிழமை முதல் நீ ஜெனரல் ஷிஃப்ட்,” என்றார்.

முப்பிடாதி கையைக் கூப்பியபடியே நின்றான்.

“ஒரு நிபந்தனை. டார்கெட்டைப் பழையபடி வைக்கச் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் தினமும் ரிப்போர்ட் நீதான் எழுத வேண்டும். எல்லா வார்த்தைகளோடும்.”

“மறுபடியுமா சார்?”

“மறுபடியும். நிறைய.”

வெளியே வந்ததும் கனகத்துக்குப் போன் போட்டான். அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் நேரடியாகப் பேசினார்கள்.

“கெடச்சிட்டு கனகு!”

அந்தப் பக்கம் ஒரு விசும்பல்.

“ஏ, அழுதியா?”

“அழல. பஸ்ஸு தூசி,” என்றாள் அவள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. “திங்கக்கெழம சாயந்தரம் வந்திருவியளா? என்ன கொழம்பு வைக்க?”

“நீ எதுத்தாப்ல உக்காந்து சாப்பிட்டியன்னா வெறும் ரசம் போதும்.”

“நல்லாத்தான் பேசுதிய. ரிப்போர்ட் எழுதி எழுதி வந்ததா?”

சிரித்துக்கொண்டே போனை வைத்தவன், ‘எல்லா வார்த்தைகளோடும்’ என்று சொன்னதை நினைத்து நின்றுவிட்டான். அத்தனை ரகளைக்கும் காரணமான வார்த்தைகள். அவற்றை இந்த மனிதர் ஏன் காசு கொடுக்காத குறையாகக் கேட்டு வாங்குகிறார்? யோசித்துக்கொண்டே படியிறங்கியவனை நகானோ சாரின் டிரைவர் ராஜசேகர் மறித்தார். கையில் கார் துடைக்கிற துணி.

“சார், ரிப்போர்ட்டு இனிமேட்டும் நீங்கதான எழுதுவீங்க?”

“நான்தான். உங்களுக்கு என்ன அதுல?”

“அப்பாடா! இன்னிக்கு காலைல கார்ல அவரு பட்ட பாட்ட பாத்திருந்தா நீங்களே தாங்கமாட்டீங்க சார். உங்க ரிப்போர்ட்ட தெனம் சத்தமா படிச்சிக்கினே வருவாரு. இன்னிக்கு மூணே வரி. மனுசன் அப்டியே உக்காந்துட்டாரு.”

“மெஷின் மேல அவ்வளவு உசிரா அவருக்கு?”

ராஜசேகர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“மிஷினாவது ஒண்ணாவது, ஆஸ்திரேலியால கீற அவரு பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் சார், நீங்க எழுதுறதுல மிஷின் ஓட்றத எட்த்துட்டு தாத்தா நெனைக்கிறத போட்டு, தாத்தா உன்ன பியூட்டிஃபுல்லியா நெனைக்கிறேன், வெரி வெரியா நெனைக்கிறேன்னு தெனம் அந்தக் கொழந்தைக்கு அனுப்பிக்கினு கீறாரு!”